கரியமில வாயு கூடினால் காடு கொழுக்குமா?

நீலகிரியின் கரிமண் முதல் முத்துப்பேட்டை அலையாத்தி வரை, காவிரியோடு உறவுள்ள மரங்கள் சூடேறும் காற்றை எப்படி எதிர்கொள்கின்றன?

சுவாமிமலையில் ஒரு விக்கிரகத்தின் வேலை மெழுகில் தொடங்குகிறது. தேன்மெழுகோடு குங்கிலியத்தைப் பொடித்துப் போட்டு, கடலை எண்ணெய் விட்டுக் காய்ச்சி, விரலுக்கு வளைந்து கொடுக்கும் பதத்தில் ஸ்தபதிகள் எடுத்துக்கொள்கிறார்கள். மெழுகில் உருவான சிலைமேல் காவிரி வண்டலைப் பூசிக் காயவைத்து, சூடேற்றி மெழுகை வடித்துவிட்டு, உருக்கிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். குங்கிலியம் மரத்தின் பிசின். வண்டல் எங்கோ மேட்டில் கரைந்து ஆற்றோடு இறங்கிய மண். முருகன் கோவிலின் தலமரமான நெல்லிகூட இலையுதிர் காட்டு மரம்தான். ஆனால் ஊரைச் சுற்றிப் பார்த்தால் நெல், வாழை, கரும்பு, வெற்றிலைக் கொடிக்கால். காடு என்று சொல்ல ஒன்றுமில்லை.

டெல்டாவின் காடு மேலே இருக்கிறது. குடகில் பிறக்கும் காவிரிக்கு வயநாட்டிலிருந்து கபினி வந்து சேர்கிறது. நீலகிரியின் தண்ணீர் மாயாறாகவும் பவானியாகவும் இறங்கி, பவானிசாகரில் ஒன்றாகி, மேட்டூருக்குக் கீழே கூடுதுறையில் காவிரியில் கலக்கிறது. சோலைக்காடும் புல்வெளியும் மழையைப் பிடித்துவைத்து மெல்ல விடுவதால்தான் மழை ஓய்ந்த பிறகும் அந்த மலை ஓடைகளில் தண்ணீர் ஓடுகிறது. மலைமேல் மரத்துக்கு நேர்வது கும்பகோணம் பக்கத்து வயலுக்கும் வந்து சேரும்.

தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து லட்சம் பங்கில் கரியமில வாயு சுமார் 280 பங்கு. 1958இல் சார்லஸ் கீலிங் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது அது 315ஐ ஒட்டி இருந்தது. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. மனிதர்கள் ஆண்டுதோறும் வெளிவிடும் கரியமில வாயுவில் கால் பங்குக்கும் மேல் நிலத்துத் தாவரங்களும் மண்ணும் உறிஞ்சிக்கொள்கின்றன. மரத்துக்கு அந்த வாயு சாப்பாடு. சாப்பாடு கூடினால் மரம் கொழுக்கும், காடு பெருகும், மிஞ்சிய கரியையும் அதுவே விழுங்கிவிடும் என்றொரு வாதம் நெடுநாளாக உலவுகிறது. அதில் பாதி உண்மை. எந்த மரம் கொழுக்கும், எந்த மண்ணில், எவ்வளவு தண்ணீர் இருந்தால் என்ற கேள்விகளில் மறுபாதி அடங்கியிருக்கிறது.

இலைத்துளையின் கணக்கு

இலையில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் ஆயிரக்கணக்கில் உண்டு. பெரும்பாலான மரங்களில் அவை இலையின் அடிப்பக்கத்தில் இருக்கின்றன. அவை திறந்தால் கரியமில வாயு உள்ளே நுழைகிறது. அதே வழியாகத் தண்ணீர் ஆவியாக வெளியே போகிறது. ஒரு மூலக்கூறு கரியமில வாயுவைப் பெறுவதற்கு மரம் நூற்றுக்கணக்கான நீர் மூலக்கூறுகளை இழக்கிறது. மரத்தின் வாழ்க்கை முழுவதுமே இந்தக் கொடுக்கல் வாங்கல்தான்.

உள்ளே வந்த வாயுவைப் பிடித்துச் சர்க்கரையாக்கும் வேலையைத் தொடங்கிவைப்பது ருபிஸ்கோ என்ற நொதி. அதற்கு ஒரு பழைய குறை உண்டு. கரியமில வாயுவைப் பிடிக்க வேண்டிய இடத்தில் அடிக்கடி ஆக்சிஜனைப் பிடித்துவிடும். அப்படிப் பிடித்தால் சேர்த்த கரியிலும் சக்தியிலும் ஒரு பகுதி வீணாகும். தாவரவியலார் இதை ஒளிச்சுவாசம் என்கிறார்கள். வெயில் ஏற ஏற இந்தத் தவறும் ஏறும்.

கரும்பு, மக்காச்சோளம், வெப்பமண்டலப் புற்கள் பல இந்தக் குறையைச் சமாளிக்க ஓர் ஏற்பாடு செய்துகொண்டவை. கரியமில வாயுவை முதலில் வேறொரு நொதியால் பிடித்து, ருபிஸ்கோ இருக்கும் இடத்தில் செறிவாகக் கொண்டுசேர்க்கின்றன. இவை சி4 வகை. தேக்கு, நெல்லி, சோலை மரங்கள், அலையாத்தி, வயலில் நிற்கும் நெல் எல்லாமே அந்த ஏற்பாடு இல்லாத சி3 வகை.

காற்றில் கரியமில வாயு கூடும்போது முதல் ஆதாயம் சி3 கூட்டத்துக்கே. ருபிஸ்கோவின் தவறு குறைகிறது. துளைகளைக் கொஞ்சம் சுருக்கிக்கொண்டே தேவையான வாயுவைப் பெறலாம் என்பதால் தண்ணீரும் மிச்சமாகிறது. சி4 புல் ஏற்கெனவே நிறைவாக உண்பதால் அதற்குக் கூடுதல் லாபம் சொற்பம். ஏட்டளவில் பார்த்தால் புல்லை மரம் வெல்ல வேண்டும்.

நெல்லுக்கும் இதே கணக்குதான். ஜப்பானிலும் சீனாவிலும் திறந்த வயலில் குழாய் வழியாகக் கரியமில வாயுவைக் கூட்டிப் பார்த்த சோதனைகளில் மகசூல் ஏறியது. கூடவே அரிசியில் புரதமும் இரும்பும் துத்தநாகமும் குறைந்தன. பூக்கும் நேரத்தில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் மணி பிடிக்காமல் பதராகும் என்பது இன்னொரு பக்கம். ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிக்கும் இந்தப் போக்கு காட்டிலும் அப்படியே தொடர்கிறது.

யூரியா மட்டும் போட்ட வயல்

ஒரு நாற்றைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து வாயுவைக் கூட்டினால் அது மளமளவென்று வளரும். முழுக் காட்டுக்கு அது பொருந்துமா? இதைத் தெரிந்துகொள்ள ஆய்வாளர்கள் காட்டுக்குள்ளேயே வட்டமாகக் கோபுரங்கள் நிறுத்தி, குழாய்கள் வழியாகக் கரியமில வாயுவை மரங்கள்மேல் ஆண்டுக்கணக்கில் பாய்ச்சினார்கள்.

அமெரிக்காவின் வட கரோலினாவில் டியூக் பல்கலைக்கழகக் காட்டில் 1996இல் தொடங்கிய சோதனையில் பைன் மரங்கள் நன்றாகவே வளர்ந்தன. டென்னசி மாநிலத்தின் ஓக் ரிட்ஜில் முதலில் ஏறக்குறைய கால் பங்கு கூடிய வளர்ச்சி, பத்தாண்டுக்குள் 9 சதவீதமாகச் சரிந்தது. காரணம், மண்ணில் தழைச்சத்து தீர்ந்துபோனது. ஆஸ்திரேலியாவில் சிட்னிக்கு மேற்கே, முதிர்ந்த யூகலிப்டஸ் காட்டில் 2012இல் தொடங்கிய சோதனை இன்னும் கறாரான பாடம் சொன்னது. மரங்கள் சுமார் 12 சதவீதம் கூடுதலாகக் கரியை உள்ளே இழுத்தன. ஆனால் அடிமரம் பருக்கவில்லை. இழுத்த கரி வேர் வழியாக மண்ணுக்குப் போய், நுண்ணுயிர்களின் மூச்சாக மறுபடியும் காற்றிலேயே கலந்தது. அந்த மண்ணில் மணிச்சத்து குறைவு.

தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்றதைக் கொட்டிப் பயனில்லை என்பது டெல்டா விவசாயிக்கு யாரும் சொல்லித்தர வேண்டிய விஷயமல்ல. யூரியாவை மட்டும் அள்ளிப் போட்ட வயல் கருகருவென்று நிற்கும். களத்துக்கு வரும்போது சாயம் வெளுக்கும். கரியமில வாயுவும் காட்டுக்கு அப்படி ஓர் ஒற்றை உரம்.

எல்லா இடத்திலும் முடிவு ஏமாற்றமாக இல்லை. இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்டுஷயரில் ஏறத்தாழ 180 வயதான ஓக் மரங்கள்மேல் 2017 முதல் நடக்கும் சோதனையில் மர உற்பத்தி கிட்டத்தட்ட 10 சதவீதம் கூடியதாக 2024இல் வெளியான ஆய்வு சொல்கிறது. கிழ மரமும் ஈடுகொடுக்கும் என்பதற்கு அது சாட்சி. ஆனால் அது குளிர்ந்த, ஈரமான, சத்துள்ள மண். மேற்குத் தொடர்ச்சி மலையின் மண் பலகாலம் மழையில் கரைந்து சத்து இழந்தது. செம்பொறைப் பாங்கான இத்தகைய மண்ணில் மணிச்சத்துப் பஞ்சம் பொதுவான குணம். பிரேசிலில் மனாஸ் நகரத்துக்கு அருகே அமேசான் காட்டுக்குள் இதே வகைச் சோதனைக்காகக் கோபுரங்கள் எழுப்பப்பட்டிருக்கின்றன. வெப்பமண்டலக் காட்டின் நேரடிப் பதில் அங்கிருந்து வர வேண்டும்.

தேக்கு எழுதிவைத்த ஐந்நூறு ஆண்டு

சோதனைக்குக் காத்திராமல் மரத்தையே கேட்கவும் ஒரு வழி உண்டு. தேக்கு ஆண்டுக்கு ஒரு வளையம் போடும் மரம். மழை நன்றாகப் பெய்த ஆண்டில் வளையம் அகலமாகவும், பொய்த்த ஆண்டில் ஒடுங்கியும் இருக்கும். புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் போர்காவ்ங்கரும் அவர் குழுவினரும் கேரளத் தேக்குகளின் வளையங்களைக் கோத்து 1481 முதல் 2003 வரை 523 ஆண்டுகளுக்கான தொடர்ச்சியை உருவாக்கினார்கள். அதை 2010இல் வெளியிட்டார்கள். கிருஷ்ணதேவராயர் பிறந்து ஏறக்குறைய பத்து வருடமான காலத்திலிருந்து நம் காலம் வரை நீளும் பதிவு அது.

எல் நினோவால் பருவமழை குன்றிய ஆண்டுகளில் வளையம் ஒடுங்கியிருப்பதை அந்தத் தொடர்ச்சி காட்டியது. பசிபிக் கடலின் நடுவே நீர் சூடாகிப் பருவமழையைக் குலைக்கும் எல் நினோதான் 1876இல் தொடங்கிய தாது வருடப் பஞ்சத்துக்கும் பின்னால் இருந்தது. தென்னிந்தியத் தேக்கைப் பொறுத்தவரை, காற்றில் என்ன இருக்கிறது என்பதைவிட வேரில் ஈரம் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி.

உலகளாவிய சான்றும் இதையே ஆமோதிக்கிறது. பொலிவியா, கேமரூன், தாய்லாந்து ஆகிய மூன்று நாட்டுக் காடுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரங்களின் வளையங்களை ஆராய்ந்த நெதர்லாந்துக் குழு ஒன்று 2015இல் முடிவை வெளியிட்டது. 150 ஆண்டுகளில் அந்த மரங்களின் தண்ணீர்ச் சிக்கனம் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கூடியிருந்தது. அதாவது இலைத்துளைகள் கரியமில வாயுவுக்கு ஏற்பத் தங்களைச் சரிசெய்துகொண்டிருந்தன. ஆனால் மரம் வேகமாகப் பருத்ததற்கு அடையாளமே இல்லை.

மிச்சமான தண்ணீர் ஆற்றுக்கு வருமா என்று கீழ்மடையில் இருப்பவர் கேட்கலாம். துளை சுருங்கினால் ஒவ்வொரு இலையும் குறைவாகக் குடிக்கும் என்பது சரி. ஆனால் வெப்பம் ஒரு டிகிரி கூடினால் காற்று ஏந்தக்கூடிய ஈரம் சுமார் 7 சதவீதம் கூடும். அந்தத் தாகம் கொண்ட காற்று இலையிலிருந்தும் மண்ணிலிருந்தும் ஓடையிலிருந்தும் உறிஞ்சும். இலைகள் மிகுந்தால் மொத்தச் செலவும் ஏறும். இலை மிச்சம் பிடித்ததைக் காற்று வசூலித்துக்கொள்கிறது.

முதுமலையின் வருகைப் பதிவேடு

நீலகிரியின் வடக்குச் சரிவில், மாயாறு ஓடும் முதுமலையில், 1988இல் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் ரா. சுகுமார் தலைமையிலான குழு ஒரு வேலையைத் தொடங்கியது. ஒரு கிலோமீட்டர் நீளம், அரைக் கிலோமீட்டர் அகலம், ஆக 50 ஹெக்டேர் இலையுதிர் காடு. அதற்குள் நெஞ்சளவு உயரத்தில் ஒரு சென்டிமீட்டர் விட்டம் எட்டிய ஒவ்வொரு மரத்துக்கும் எண் கொடுத்தார்கள். அப்படி எண் பெற்றவை 25,000க்கும் மேல். எது செத்தது, எது புதிதாகச் சேர்ந்தது என்று ஆண்டுதோறும், எது எவ்வளவு பருத்தது என்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் 1980இல் தொடங்கிய இந்த முறை இன்று உலகம் முழுவதும் பல நாடுகளில் நடக்கிறது. முதுமலை அதில் மூத்த இடங்களில் ஒன்று.

வெண்தேக்கு, கருமருது, தேக்கு, கொன்றை, சுவாமிமலைக்குத் தெரிந்த நெல்லி எல்லாம் இந்தக் காட்டின் குடிகள். நெல்லிக்கனியை மான்கள் தின்று விதையைப் பரப்புவதை முதுமலையிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். முப்பது ஆண்டுகளைத் தாண்டிய பதிவேட்டைப் புரட்டினால், இங்கே மரத்தின் தலையெழுத்தைத் தீர்மானிப்பவை கோடைத் தீ, யானை, மழை என்ற மூன்றும்தான் என்று தெரிகிறது. நெருப்பு சிறு மரங்களைத் தின்கிறது. கிடியா கேலிசினா என்று தாவரவியலார் அழைக்கும் சிறு மரத்தை யானைகள் ஒடித்துத் தின்றே அந்த 50 ஹெக்டேரில் அருகச் செய்துவிட்டன. மழை நல்ல ஆண்டுகளில் வளர்ச்சி கூடுகிறது. பெரிய மரங்கள் எளிதில் சாவதில்லை.

நட்டநடுக்காட்டில் மரத்தின் எதிர்காலத்தைக் கரியமில வாயுவை மட்டும் வைத்துச் சோசியம் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. காற்று வறண்டு சூடேறினால் சருகு சீக்கிரம் காயும். தீயின் பருவம் நீளும். தீயில் பிழைத்த தளிர் அடுத்த தீ வருவதற்குள் ஆளுயரம் தாண்ட வேண்டும். அந்த ஓட்டத்தில் கரியமில வாயு அதற்குக் கொஞ்சம் கை கொடுக்கலாம். வேரில் மாவுச்சத்தைச் சேமித்துவைத்து மறுபடி துளிர்க்கும் மரங்களுக்கு இந்த உதவி உண்டு என்பது ஆப்பிரிக்கப் புல்வெளிகளை ஆராய்ந்தவர்களின் கருத்து. தெற்காசியாவைக் கணினியில் மாதிரியமைத்துப் பார்த்த துஷ்யந்த் குமாரும் ஜெர்மனியின் சென்கென்பெர்க் ஆய்வாளர்களும் 2021இல் இதே திசையைக் காட்டினார்கள். கரியமில வாயு கூடினால் மரமும் புல்லும் கலந்த திறந்த காடுகள் அடர்ந்துபோகும் என்றது அந்த ஆய்வு.

அடர்வது காட்டுக்கு நல்லதுதானே என்று தோன்றும். முதுமலைக்குள் போனால் அடர்ந்திருப்பது எது என்று தெரியும். மரங்களுக்கு அடியில் ஆளை மறைக்கும் உயரத்துக்கு உண்ணிச்செடிப் புதர். அதன் நிழலில் நாட்டு மர நாற்று தலையெடுப்பது கஷ்டம். மானுக்கும் காட்டெருமைக்கும் புல் இல்லை. காய்ந்தால் நல்ல எரிபொருள். கரியமில வாயுவின் தர்மம் நாட்டுச் செடி, வந்தேறிச் செடி என்று பேதம் பார்ப்பதில்லை. வேகமாக வளரத் தெரிந்தது முதல் பந்தியில் உட்கார்ந்துவிடுகிறது.

உறைபனி காத்த எல்லை

முதுமலையிலிருந்து இரண்டாயிரம் மீட்டர் உயரத்துக்கு மேல் ஏறினால் வேறு நாடு. மடிப்புகளில் சோலை, மேடுகளில் புல்வெளி. இந்த இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் எத்தனை காலமாக இருக்கின்றன? மரம் ஏன் புல்வெளியை விழுங்கவில்லை?

முதல் கேள்விக்கு நீலகிரியின் சதுப்புக் கரிமண் பதில் வைத்திருந்தது. சி3 மரமும் சி4 புல்லும் மக்கும்போது அவற்றின் கரியில் வெவ்வேறு ஐசோடோப்பு விகிதம் தங்கிவிடும். சுகுமாரும் அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தின் ஆர். ரமேஷும் சக ஆய்வாளர்களும் அடுக்கடுக்கான அந்தக் கரிமண்ணைத் தோண்டி ஆராய்ந்து 1993இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், நீலகிரியில் சி4 புல் ஓங்கியிருந்தது. அப்போது காலநிலை வறண்டிருந்தது. காற்றில் கரியமில வாயுவும் 190 பங்கை ஒட்டி, இன்றைய அளவில் பாதிக்கும் கீழே இருந்தது. பனியுகம் முடிந்து பருவமழை வலுத்தபோது சி3 தாவரங்கள் மேலெழுந்தன. பிறகு மறுபடி வறட்சி, மறுபடி புல். நீலகிரிக்கு மாற்றம் புதிதல்ல. அந்த மாற்றங்களுக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கிடைத்தன, இப்போது கிடைப்பவை சில பத்தாண்டுகள்.

இரண்டாவது கேள்விக்கு விடை உறைபனியில் இருந்தது. ஊட்டியில் டிசம்பர், ஜனவரிக் காலைகளில் புல்மேல் வெண்மையாகப் படிகிறதே, அது சோலை மர நாற்றுகளுக்கு எமன். சோலைக்குள் இலைக்கூரை சூட்டைத் தக்கவைக்கும். திறந்த வெளியில் அந்தக் காப்பு இல்லை. பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் அதுல் ஜோஷி, ஜெயஸ்ரீ ரத்னம், மகேஷ் சங்கரன் ஆகியோர் புல்வெளியில் நாற்றுகளை நட்டுப் பார்த்து 2020இல் வெளியிட்ட ஆய்வு இதை நிறுவியது. சோலைக்கும் புல்லுக்கும் இடையே வேலி போட்டிருந்தது குளிர்தான். இரவுகள் சூடேறினால் அந்த வேலி சரியும்.

சரிந்த வேலியைத் தாண்டி முதலில் வருவது சோலை மரமாக இருந்தால்கூடச் சிலர் ஆறுதல் அடையலாம். வருவது சீகை. தோல் பதனிடும் பட்டைக்காகவும் விறகுக்காகவும் 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த மரம் அது. பிற்பாடு வனத்துறையே புல்வெளிகளில் தோட்டம் தோட்டமாக நட்டது. சோலை நாற்று மடியும் குளிரையும் சீகை நாற்று தாங்குகிறது. காற்றிலிருந்து தழைச்சத்தைத் தானே பிடித்துக்கொள்ளும் அவரைக் குடும்பத்து மரம் என்பதால், ஓக் ரிட்ஜ் மரங்களை மடக்கிய தழைச்சத்துப் பஞ்சம் இதை மடக்காது. கூடுதல் கரியமில வாயு, குறையும் உறைபனி, சொந்தத் தழைச்சத்து என மூன்றும் ஒரே மரத்துக்குச் சாதகமாக விழுந்திருக்கின்றன.

பழனி மலையில் 1973 முதல் நாற்பதாண்டுகளில் புல்வெளியின் மூன்றில் இரண்டு பங்கு அழிந்துவிட்டது என்று அரசுமணியும் சக ஆய்வாளர்களும் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு 2018இல் காட்டினார்கள். மரத்தோட்டமும் விவசாயமும் அதைத் தின்றன. விண்ணிலிருந்து பார்த்தால் அந்த இடம் முன்னைவிடப் பச்சையாகத்தான் தெரியும். உலகம் பசுமையாகிறது, அதில் சீனாவும் இந்தியாவும் முன்னே நிற்கின்றன என்று 2019இல் நாசா படங்களைக் கொண்டு வந்த ஆய்வு பரபரப்பாகப் பேசப்பட்டது. இந்தியாவின் அந்தப் பசுமையில் 82 சதவீதம் பயிர் வயல்களுடையது என்ற வரி அதே ஆய்வில் இருந்தது. அதைப் படித்தவர்கள் குறைவு.

சூட்டுக்கு ஒரு வரம்பு

இலை குளிர்வது வியர்ப்பதால். கரியமில வாயு மிகுந்து துளைகள் சுருங்கினாலும், வறட்சியில் அவை மூடினாலும், அந்த வியர்வை குறையும். இலையின் சூடு சுற்றியுள்ள காற்றைவிட ஏறும். தண்ணீர்ச் சிக்கனத்துக்கு மரம் கொடுக்கும் விலை இது.

வெப்பமண்டல மரங்களின் ஒளிச்சேர்க்கை இயந்திரம் பழுதாகத் தொடங்கும் சூடு சராசரியாக 46.7 டிகிரி செல்சியஸ். விண்வெளி நிலையத்தில் பொருத்திய கருவியாலும் இலைகளில் ஒட்டிய உணரிகளாலும் அளந்த கிறிஸ்டோபர் டவுட்டி குழு, உச்சிக் கூரை இலைகளில் ஏறத்தாழ 0.01 சதவீதம் ஆண்டுக்கு ஒருமுறையாவது அந்த வரம்பைத் தாண்டுவதாக 2023இல் எழுதியது. பத்தாயிரத்தில் ஒரு இலை. இன்றைக்கு அது பெரிய தொகை அல்ல. ஆனால் காற்று சூடாகச் சூடாக இந்தக் கணக்கு சீராக ஏறாமல் திடுமென ஏறும் என்பதே அவர்களின் கவலை.

அதற்கு மூன்றாண்டு முன், உலகம் முழுவதும் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட வெப்பமண்டலக் காட்டுத் துண்டுகளை ஒப்பிட்ட மார்ட்டின் சல்லிவன் குழு இன்னொரு எண்ணைச் சொல்லியிருந்தது. ஆண்டின் வெப்பமான மாதத்தில் பகல் உச்ச வெப்பத்தின் சராசரி 32.2 டிகிரியைத் தாண்டும் இடங்களில் காடு சேமித்துவைக்கும் கரி வேகமாகக் குறைகிறது. அதற்குக் கீழே உள்ள காடுகள், கால அவகாசம் கிடைத்தால், மரவகைகளை மாற்றிக்கொண்டு ஓரளவு தாக்குப்பிடிக்கின்றன. மலைச்சரிவில் மேலே ஏற இடமுள்ள மரங்களுக்கு அந்த வழி திறந்திருக்கிறது. உச்சியில் ஏற்கெனவே நிற்கும் சோலைக்கு அதற்குமேல் இடமில்லை.

கடைமடையின் காடு

டெல்டாவில் காடே இல்லை என்று சொன்னது சுவாமிமலையைச் சுற்றி மட்டும்தான். காவிரியின் கிளைகள் கடலைத் தொடும் இடத்தில், திருவாரூர் மாவட்டத்து முத்துப்பேட்டையில், அலையாத்திக் காடு இருக்கிறது. பாமணியாறு, கோரையாறு, மரக்காக் கோரையாறு முதலியவை வந்து விழும் காயலைச் சுற்றி நிற்கும் மரங்களில் மிகப் பெரும்பான்மை அவிசீனியா மரைனா என்ற ஒரே இனம். உப்பைத் தாங்குவதில் கெட்டிக்காரன் என்பதால் மிஞ்சியது அது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளில் லட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன. முத்துப்பேட்டையின் அலையாத்தியும் கோடியக்கரைக் காடும் கடுமையாக அடிபட்டன. புயலில் நொறுங்கிய காடு மீண்டெழும் வேகத்தைத் தண்ணீரின் உப்பு தீர்மானிக்கிறது. ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் மரிலின் பாலும் சகாக்களும் 1997இல் வெளியிட்ட ஒரு சோதனை இங்கே நேரடியாகப் பொருந்துகிறது. அலையாத்தியைப் போலவே உப்புநீரில் வளரும் சுரபுன்னை வகை இரண்டைக் கூடுதல் கரியமில வாயுவில் வளர்த்துப் பார்த்தார்கள். உப்பு குறைவாக இருந்தபோது வளர்ச்சி ஏறியது. வளர்ச்சியை மடக்குவது உப்பாக இருந்தபோது கூடுதல் வாயு பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. மலையில் தழைச்சத்தும் மணிச்சத்தும் செய்கிற வேலையைக் கடலோரத்தில் நல்ல தண்ணீர் செய்கிறது.

அந்த நல்ல தண்ணீர்தான் முத்துப்பேட்டைக்கு வந்துசேருவதில்லை. வடகிழக்குப் பருவமழையின் சில வாரங்கள் போக மீதி நாளில் ஆறுகள் கடைமடைக்கு முன்பே வற்றிவிடுகின்றன. பாக் நீரிணையில் கடல் ஏற்றமும் குறைவு. ஆங்கிலேயர் காலத்தில் பட்டை பட்டையாக மொட்டையடித்த இடங்கள் பள்ளமாகி, அங்கே தேங்கிய கடல்நீர் கோடையில் காய்ந்து உப்பளம்போல் இறுகியது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் 1990களிலிருந்து உள்ளூர் மக்களோடு சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, தேங்கிய தண்ணீர் வடிந்து புது அலைநீர் ஏறி இறங்க வழி செய்தார்கள். அப்படி வழி கிடைத்த இடங்களில் நட்ட கன்று பிடித்தது.

2022 செப்டம்பரில் தொடங்கிய பசுமைத் தமிழகம் இயக்கம், மாநிலத்தின் 23.7 சதவீத வன, மரப் பரப்பை 33 சதவீதமாக்க இலக்கு வைத்திருக்கிறது. மலைப் புல்வெளியில் மரம் நடாமல் சீகையை அகற்றுவதும், முதுமலையில் உண்ணிச்செடியைக் களைவதும், டெல்டாவில் ஆற்றங்கரைக்கு ஏற்ற மருது, புங்கன், இலுப்பையை வளர்ப்பதும் அந்தக் கணக்கில் சமமாக எண்ணப்பட்டால்தான் இலக்கு காட்டுக்கு உதவும். கன்றுகளின் எண்ணிக்கை மட்டும் ஏறினால் எந்த மரம் ஏறியது என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

முத்துப்பேட்டைக்கு வேண்டியதைக் கன்றாக அளக்க முடியாது, டிஎம்சியில்தான் அளக்க வேண்டும். காவிரி நடுவர் மன்றம் 2007இல் ஆற்றின் 740 டிஎம்சியைப் பங்கிட்டபோது, நான்கு அரசுகளுக்கும் கொடுத்தது போக, முழு ஆற்றின் சுற்றுச்சூழலுக்கு 10 டிஎம்சியும், தவிர்க்க முடியாமல் கடலில் கலப்பதற்கு 4 டிஎம்சியும் எழுதிவைத்தது. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தமிழ்நாட்டின் பங்கைக் குறைத்து கர்நாடகத்தின் பங்கைக் கூட்டியபோதும் இந்த 14ஐத் தொடவில்லை. மேட்டூர் திறக்கும் ஒவ்வொரு ஆண்டும் குறுவைக்கு எத்தனை நாள், சம்பாவுக்கு எத்தனை நாள் என்று முறைவைத்துப் பேசுகிறார்கள். அந்தப் பேச்சில், கோடையின் எந்த வாரம் பாமணியாற்றின் கடைசி மதகுக்குக் கீழே எவ்வளவு தண்ணீர் என்ற கேள்வியையும் விவசாயச் சங்கங்களும் மீனவர்களும் சேர்ந்து எழுப்பினால், 740இல் 14 என்று தாளில் இருக்கும் எண்ணுக்கு ஒரு தேதியும் ஒரு வாய்க்காலும் கிடைக்கும்.